பத்து போர்டுக்கு ஒரு கைதட்டு

எங்கள் சூப்பர்வைசர் மேடம் பின்னால் வந்து நிற்பது யாருக்கும் தெரியாது. ஹாலில் எல்லோருக்கும் கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி நீலச் செருப்புதான். உடம்பில் தேங்குகிற மின்சாரம் போர்டைச் சுட்டுவிடாமல் தரையில் இறங்கிப் போவதற்காக அந்தச் செருப்பு. நாங்கள் நடந்தால் சரக் சரக்கென்று கேட்கும். அவர் நடந்தால் கேட்காது. கழுத்துக்குப் பின்னால் சந்தனப் பவுடர் வாசனை வந்தால் நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்பதை மட்டும் அந்த வாசனை சொல்லாது.

தாம்பரம் சானடோரியம் பக்கம் அந்தக் கம்பெனி இருந்தது. இப்போது இல்லை. செல்போனுக்குள் இருக்கும் போர்டு எங்களிடம் வரும். சோதித்து, நல்லது கெட்டது பிரித்து அனுப்புவோம். கேமரா வைத்த போனை யாராவது கையில் வைத்திருந்தால் பெரிய வீட்டுப் பிள்ளை என்று நினைத்த வருஷங்கள் அவை. நான் பிளஸ் டூ வரை படித்தவள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்தபின், செம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்துக் காண்டிராக்ட் வேலைக்குப் போனேன். வேலை கிடைத்த அன்று நானும் வீட்டுக்காரரும் முழங்காலில் நின்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னோம்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் மேடத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மேஜையில் இருந்த மிஷினுக்கு ஒரே வேலை, பேட்டரியாக நடிப்பது. போர்டுக்கு உண்மையான பேட்டரி கொடுக்காமல் இந்த மிஷினிலிருந்து கரண்ட் கொடுப்போம். இரண்டு தடிமனான ஒயர் கரண்டைக் கொண்டு போகும். இரண்டு மெல்லிய ஒயர், சரியான வோல்டேஜ் போர்டு வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவந்து மிஷினுக்குச் சொல்லும். அன்று காலை அந்த மெல்லிய ஒயர்களை நான் போர்டு பக்கம் மாட்டாமல் மிஷின் பக்கமே மாட்டிவிட்டேன். போர்டு கரண்டை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் இறங்கி, பாதியில் அணைந்து அணைந்து போனது. போர்டுதான் கெட்டது என்று நினைத்து ஒவ்வொன்றிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தட்டில் அடுக்கினேன். ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

"எத்தனை முடிச்சிருக்க மா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நல்ல குரல். கோபம் இல்லாத குரல்.

"எழுபத்திரண்டு மேடம்."

"எத்தனை பாஸ்?"

"ஒண்ணுகூட இல்ல மேடம். எல்லாமே கெட்டது."

"எழுபத்திரண்டும் கெட்டதா? அப்படியா?" அவர் குனிந்து, மெல்லிய ஒயரை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். "இது எங்க மாட்டணும்?"

நான் போர்டு பக்கத்தைக் காட்டினேன். எதிர் மேஜையில் இருந்தவள் பிறகு சொன்னாள், முதல் போர்டிலிருந்தே அவர் என் பின்னால் நின்றிருக்கிறார். சொல்லப் போனவளைக் கையால் அமர்த்தி, "ஓடட்டும்" என்றிருக்கிறார். அதுதான் அவருடைய சொல். யார் என்ன தப்புச் செய்தாலும், முதல் நொடியிலேயே தெரிந்தாலும், "ஓடட்டும், ஓடட்டும்." அடுப்பில் பால் வைத்துவிட்டு ஒரு பெண் சொல்வது மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்.

அன்று ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பியபின், எழுபத்திரண்டு ஸ்டிக்கரையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிளேடு கேட்டதற்கு, "போர்டுல கீறல் விழும். நகம் போதும்" என்றார். அதற்கு முன்னால் கைதட்டு நடந்தது.

அந்தக் கைதட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹெட் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, தப்பை ஒத்துக்கொள்கிறவர்களைப் பாராட்ட வேண்டும், அப்போதுதான் யாரும் தப்பை மறைக்கமாட்டார்கள் என்று வகுப்பு எடுத்துவிட்டுப் போனாராம். நல்ல மனசோடு சொன்னதாகத்தான் இருக்கும். அவர் போன மறுநாளே மேடம் அதைச் செயலுக்குக் கொண்டுவந்தார். ஷிஃப்ட் முடியும்போது எல்லோரும் வட்டமாக நிற்போம். அன்று தப்புச் செய்தவர் நடுவில் வந்து, என்ன தப்பு, எத்தனை போர்டு என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்ட வேண்டும். பத்து போர்டுக்கு ஒரு தட்டு. எல்லோரும் ஒன்றாக, மெதுவாக, மேடம் எண்ண எண்ண. எனக்கு ஏழு தட்டு விழுந்தது. மிச்சம் இரண்டு போர்டைத் தள்ளுபடி செய்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் வேலை என்று வந்தால் அந்த ஹாலில் அவருக்கு நிகர் யாருமில்லை. அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

செல்போன் போர்டு, குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி ஒரே சீராகக் கரண்ட் எடுக்காது. பேசும்போது மடக் மடக்கென்று குடிக்கும். கண் சிமிட்டுவதற்குள் எத்தனையோ மடக்கு. ஆபீஸில் அதைப் பல்ஸ் என்போம். ஒரு பல்ஸில் எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் நாங்கள் அளக்க வேண்டியது. கூடுதலாகக் குடித்தால் அந்த போர்டு கெட்டது. போன் சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும். இதை அளக்க மிஷினுக்குச் சொல்லித்தர வேண்டும். எந்த அளவைத் தாண்டினால் பல்ஸ் ஆரம்பித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது, அப்புறம் எவ்வளவு காத்திருப்பது, காத்திருந்தபின் எவ்வளவு நேரம் பார்ப்பது, எத்தனை பல்ஸைச் சேர்த்துச் சராசரி போடுவது. இதில் ஒன்று பிசகினாலும் வருகிற எண் பொய்.

ஒருமுறை புது மாடல் வந்தது. இன்ஜினியர் சார் இரண்டு பேர் காலையிலிருந்து மல்லுக்கட்டினார்கள். மிஷின் பல்ஸே இல்லை என்றது. போர்டோ நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. மேடம் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவர்களையும் ஓட விட்டார். சாப்பாட்டு மணி அடித்து அவர்கள் எழுந்தபிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு ஆம்பியருக்கு மேல எகிறினாத்தான் பாப்பேன்னு வச்சிருக்காங்க. இது அந்த உயரத்துக்குப் போகவே போகாது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மிஷின் காத்துக்கிட்டேதான் இருக்கும்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். ஓரிடத்தில் மிஷின் சட்டென்று பிடித்துக்கொண்டது. எண் வந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டவில்லை, அங்கே கைதட்டுக்கு அர்த்தம் வேறு.

"வந்துருச்சு மேடம்!"

"வரல. இது பொய். எகிறுற நேரத்துல பாத்தா எல்லாமே ஜாஸ்தியாத்தான் தெரியும். எகிறி அடங்கட்டும்." காத்திருக்கும் நேரத்தைத் துளி கூட்டினார். எண் இறங்கி, ஒன்று புள்ளி ஆறில் நின்றது. பத்து தடவை அளந்தும் அசையவில்லை. "இப்ப சொல்றதுதான் நெசம்."

பிறகு அந்த அமைப்பை மிஷினின் ஞாபகத்தில் முதல் இடத்தில் வைத்தார். ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் இடம் உண்டு. கரண்ட் போய் வந்தால் மிஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒரு பட்டனை அழுத்தி ஒன்றா இரண்டா என்று எண்ணைக் கொடுத்தால் திரும்ப நினைவுக்குக் கொண்டுவரும். எந்த மாடலுக்கு எந்த எண் என்று சின்ன அட்டையில் பச்சை மையால் எழுதி மிஷின் மேல் ஒட்டினார். முத்து முத்தான கையெழுத்து. இன்ஜினியர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது, "நீங்கதான் சார், கிட்ட கொண்டுவந்துட்டீங்க, நான் சும்மா ஒண்ணு அமுக்கினேன்" என்றார். அன்று சாயங்காலம் அவர்களையும் வட்டத்துக்கு நடுவில் நிறுத்தினார். காலை முழுக்க ஒரு போர்டும் ஓடாததால் எத்தனை தட்டு என்று எங்களிடமே கேட்டார்.

அவருக்குக் குடும்பம் இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கூடுவாஞ்சேரியில் புது மனைப்பிரிவு ஒன்றில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். டப்பாவில் தினமும் ஒரே சாப்பாடு, எலுமிச்சை சாதமும் அப்பளமும். அப்பளத்தை உடைக்கும் சத்தம்கூட வராமல் சாப்பிடுவார். என் சின்னவனுக்கு அம்மை போட்டபோது, கேட்காமலேயே ஆறு நாள் லீவு எழுதிக் கொடுத்து, "பிள்ளை கண்ணைப் பாத்துக்கோ, கண்ணுல போட்டா கஷ்டம்" என்று வேப்பிலையும் பறித்துக் கொடுத்தனுப்பினார். அன்று அவருக்காக ஜெபம் பண்ணினேன். மனசாரத்தான் பண்ணினேன்.

ஒரு சனிக்கிழமை கூடுவாஞ்சேரியில் என் சித்தி வீட்டில் ஜெபக் கூட்டம். ஷிஃப்ட் முடிந்து நானும் மேடமும் ஒரே பாசஞ்சர் வண்டியில் ஏறினோம். எதிர் சீட்டில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா மடியில் கேக் பெட்டி. பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள், ஊரப்பாக்கத்தில் மகன் ஸ்டேஷனுக்கே வந்து நிற்பான் என்று இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். பெட்டியை எந்தக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவது என்றுகூடப் பேசினார்கள். வண்டலூர் தாண்டியதும் அந்தப் பெரியவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். வண்டி வேகத்தைக் குறைக்கவில்லை. ஊரப்பாக்கம் வந்தது, போனது. பிளாட்பாரத்தில் ஒருவன் தோளில் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றது எனக்கே தெரிந்தது. பெரியவர் "டேய்! டேய்!" என்று கத்தினார். அந்த அம்மா பெட்டியோடு எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"இது ஊரப்பாக்கத்துல நிக்காது. தாம்பரத்துல அவங்க பேச ஆரம்பிச்சப்பவே தெரியும்" என்றார் மேடம் என் காதருகில்.

"சொல்லியிருக்கலாமே மேடம். வயசானவங்க."

"சொல்லியிருந்தா மறந்துருவாங்க. இனிமே ஜென்மத்துக்கும் கேட்டுத்தான் ஏறுவாங்க." ஜன்னல் பக்கம் திரும்பினார். "எனக்கு யாரு சொன்னா?"

அதற்கு மேல் அவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லிக் கேட்டதில்லை.

பூங்காவைப் பற்றிச் சொல்லாமல் மேடத்தைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. பூங்காவனம் என்று பெயர். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. கடற்கரைக் குப்பத்துப் பெண். அவள் அம்மா சேலையூர் கேம்ப் ரோட்டு முனையில் கூடை வைத்து மீன் விற்பார். அம்மாவும் மகளும் விடியும்போதே ஒரே பஸ்ஸில் வருவார்கள். அம்மா சேலையூரில் இறங்கிக்கொள்ள, இவள் கம்பெனிக்கு வருவாள். என் பக்கத்து மேஜை. மேடத்துக்கு பயப்படாத ஒரே ஆள்.

"இன்னா மேடம் இது, பூனை மாரி வந்து நிக்கிறீங்கோ? கொலுசாவது போட்டுக்கினு வாங்க, எங்க உயிராவது மிஞ்சும்" என்பாள். ஹாலே சிரிக்கும். மேடமும் சிரிப்பார். அவர் சிரிப்பது எங்களுக்கு பயமாக இருக்கும், அவளுக்கு இருக்காது.

அந்த வருஷம் எங்கள் வரிசையில் ஒருவரை பர்மனென்ட் ஆக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒருவரை மட்டும். பெயர் கொடுப்பது மேடம். மற்றவர்கள் புதியவர்கள், ஆகவே அது நான் அல்லது பூங்கா என்று எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, உனக்குக் கெடச்சா எனக்கு சந்தோசம்தான்" என்றாள் ஒருநாள், டீ குடிக்கும்போது. "ஆனா எனக்குக் கெடைக்கணும்னு உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லு. எங்க மாமன் பையனுக்கு என்னைப் பேசி வச்சிருக்காங்கோ. குடிச்சிட்டு அவங்க அம்மாவையே அடிக்கிறவன் அவன். வேல பர்மனென்ட் ஆனா கல்யாணப் பேச்சையே எடுக்கமாட்டேன்னு எங்க நைனா முருகன் கோயில்ல சத்தியம் பண்ணிக்கீறாரு. ஆவலன்னா தையில தாலி."

"சொல்றேன் பூங்கா" என்றேன்.

சொல்லவில்லை. நான் எனக்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஓட்டிய ஸ்கூல் வேனை அந்தப் பள்ளிக்கூடம் நிறுத்திவிட்டது. இரண்டு பிள்ளைகள். காலையும் மாலையும் முழங்காலில் நின்று, கர்த்தாவே, அந்த ஒரு இடத்தை எனக்குத் தாரும் என்று கண்ணீரோடு கேட்டேன். அவள் பெயரை ஜெபத்தில் எடுக்க வாய் வரவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பாடு முடிந்து வந்து உட்காரும்போதே கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் மிஷின்கள் அணைந்து, திரும்ப எரிந்தன. எல்லோரும் பட்டனை அழுத்தி எண்ணைக் கொடுத்தோம். அன்று காலை பூங்காவின் மேஜையில் வேறு மாடல் ஓடியது. அது ஒரே மூச்சில் இரண்டு மடங்கு நேரம் குடிக்கிற போர்டு. அதற்கு இரண்டாம் எண். சாப்பாட்டுக்குப் பின் அவளுக்கும் என்னுடையது போலச் சாதாரண போர்டு வந்திருந்தது. அதற்கு ஒன்றாம் எண். காலைப் பழக்கத்தில் கை இரண்டை அழுத்திவிட்டது.

இரண்டை அழுத்தினால் மிஷின் இரண்டு மடங்கு நேரம் பார்க்கும். பாதி நேரம் போர்டு குடிக்கும், மீதி நேரம் சும்மா இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் எண் குறைந்து வரும். ஒன்று புள்ளி ஆறு வர வேண்டிய இடத்தில் அவள் மிஷினில் புள்ளி ஒன்பது காட்டியது. கூடுதலாகக் குடிக்கிற கெட்ட போர்டும் இதில் பாஸாகிவிடும். அளவுக்கு மேல் போனால்தான் மிஷின் கத்தும். அளவு குறைந்தால் கத்தும்படி அப்போது வைத்திருக்கவில்லை. பச்சை விளக்கு, பச்சை விளக்கு, பச்சை விளக்கு.

"பாரேன் அக்கா, எனக்கு ஒண்ணுகூட ஃபெயில் வரல இன்னிக்கி. மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று சிரித்தாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். எண்ணைப் பார்த்தேன். உடனே புரிந்துவிட்டது. மேடம் சொல்லிக் கொடுத்ததால்தான் புரிந்தது. அவள் பக்கமாக நாற்காலியைத் திருப்பி, "பூங்கா" என்று வாயெடுத்தேன்.

சந்தனப் பவுடர் வாசனை வந்தது. தோளில் ஒரு கை விழுந்தது. அத்தனை நாளில் அவர் யாரையும் தொட்டதில்லை.

"ஓடட்டும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"இன்னாக்கா?" என்றாள் பூங்கா.

"ஒண்ணுமில்ல."

கொஞ்ச நேரத்தில் மேடம் ஸ்டோருக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் வரவில்லை. வேண்டுமென்றே போனாரோ என்னவோ. அந்த ஒரு மணி நேரம் என் தோளில் யார் கையும் இல்லை. மூன்றே வார்த்தை போதும், 'ஒண்ணு போடு பூங்கா' என்று. டீ நேரத்தில் அவள் டப்பாவைத் திறந்து வறுத்த நெத்திலியை என் தட்டில் கொட்டினாள். நான் தலை குனிந்து, சாப்பிடும் முன் சொல்லும் ஜெபத்தைச் சொன்னேன். கண்ணை மூடியிருந்தபோது ஒரு நினைப்பு வந்தது. நான் கேட்டேன், கர்த்தர் கொடுக்கிறார், வருகிற வழியைக் குறைசொல்ல நான் யார் என்று. அந்த நினைப்பை ஆமென் போட்டு முடித்தேன். நெத்திலி நன்றாக மொறுமொறுப்பாக இருந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

ஷிஃப்ட் முடிந்து வட்டமாக நின்றோம். மேடம் கையில் ஒரு தாளோடு வந்தார்.

"பூங்காவனம், நடுவுல வாம்மா. சாப்பாட்டுக்கு அப்புறம் எத்தனை?"

அவள் பாராட்டு என்று நினைத்துத் துள்ளிக்கொண்டு போனாள். "நானூத்தி அறுபது மேடம்! ஃபெயில் முட்டை!"

"உன் மிஷின்ல ஒரு நல்ல போர்டுக்கு எவ்வளவு வரணும்?"

"ஒண்ணு புள்ளி ஆறு."

"எவ்வளவு வந்துச்சு?"

அவள் கண் தன் மேஜைப் பக்கம் போய்த் திரும்பியது. எல்லா போர்டும் அனுப்பாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. மேடம் முதல் பெட்டியிலிருந்தே ஒதுக்கச் சொல்லியிருக்கிறார். கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் கணக்கில் எல்லாமே பத்திரம், அவளைத் தவிர.

"நானூத்தி அறுபது. பத்துக்கு ஒண்ணு. நாப்பத்தாறு" என்றார் மேடம். "ஆரம்பிக்கலாமா?"

பூங்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீ திரும்பிப் பாத்தியே. என்னக் கூப்டியே. அப்போ நீ நம்பரப் பாக்கலியா?"

வட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. மேடமும் பார்த்தார். ஆசையோடு பார்த்தார் என்றுதான் சொல்வேன்.

"பாக்கல பூங்கா" என்றேன்.

மேடம் எண்ண ஆரம்பித்தார். நாற்பத்தாறு தட்டு என்பது எவ்வளவு நீளம் என்று தட்டியவர்களுக்குத்தான் தெரியும். இருபதுக்கு மேல் உள்ளங்கை எரிந்தது. நான் ஒன்றைக்கூட விடவில்லை. அவள் முப்பதுவரை அழாமல் நின்றாள்.

மறுவாரம் மேடம் என் பெயரைக் கொடுத்தார். ஆர்டரை என் கையில் தரும்போது, "நீ தேறிட்ட மா" என்றார். இருவரில் நல்ல வேலைக்காரி பூங்காதான் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். வீட்டில் எல்லோரும் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் பண்ணினார்கள். நானும் நின்றேன்.

பூங்கா அதோடு வரவில்லை. தையில் தாலி. பத்திரிகை எனக்கும் வந்தது, நான் போகவில்லை. கேம்ப் ரோட்டில் அவள் அம்மாவிடம்தான் ரொம்ப நாள் மீன் வாங்கினேன். வேறு வழியில் போகலாம் என்று நினைப்பேன், கால் அங்கேதான் போகும். "நீதான அந்த அக்கா? பூங்கா உன்னியே சொல்லிக்கினு இருக்கும், நல்லாப் பாத்துக்கினாங்கன்னு" என்று எடை போட்டபின் இரண்டு சங்கரா மீனைக் கூடுதலாக வைப்பார். ஒருநாள், "பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். மீனைச் சுத்தம் பண்ணிக்கொண்டே, "பல்லு ரெண்டு போச்சு. மத்தபடி கீது" என்றார். கூடுதல் மீனை அன்றும் வைத்தார். அன்றும் வாங்கிக்கொண்டேன்.

மேடம் இரண்டு வருஷம் கழித்து ஓய்வு பெற்றார். போகும்போது பச்சை மை அட்டைகளை என்னிடம் கொடுத்தார். அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். நான் கைதட்டை நிறுத்தினேன். வேறொன்றும் மாற்றவில்லை.

அதன்பின் ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்தேன். என் நாத்தனாரை விழுப்புரத்துக்கு ரயில் ஏற்றிவிடத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வெயில் சாய்கிற நேரம். எக்ஸ்பிரஸ் வண்டி. தாம்பரம் விட்டால் செங்கல்பட்டில்தான் நிற்கும். நாத்தனாரை உட்கார வைத்துவிட்டு இறங்கி நடந்தபோது, இரண்டு ஜன்னல் தள்ளி மேடம். கண் ஆபரேஷன் முடிந்த கறுப்புக் கண்ணாடி. மடியில் மருந்துப் பை. முகம் சுருங்கிப் போயிருந்தது. சந்தனப் பவுடர் வாசனை மட்டும் அப்படியே.

"மேடம்" என்றேன்.

குரலை வைத்துக் கண்டுபிடித்தார். "நீயா மா? நல்லா இருக்கியா? பிள்ளைங்க பெரிசாயிட்டாங்களா?" ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்தார். "கண்ணு ஒண்ணும் சரியாத் தெரியல. நல்லவேளை, வண்டி நான் வந்ததும் வந்து நின்னுச்சு. இருட்டுறதுக்குள்ள கூடுவாஞ்சேரி போயிட்டா, வீடு வரைக்கும் தடவிக்கிட்டே போயிருவேன். இருட்டிட்டா ஒரு அடி வைக்க முடியாது."

வண்டி இன்னும் இரண்டு நிமிஷம் நிற்கும். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வாசல் நாலு எட்டு. கையைப் பிடித்து இறக்கிவிட நேரம் இருந்தது. பக்கத்துப் பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் நின்றுகொண்டிருந்தது. அது கூடுவாஞ்சேரியில் நிற்கும்.

"சரி மேடம். கர்த்தர் உங்களைப் பாத்துக்குவார்" என்றேன். கையை விடுவித்துக்கொண்டேன்.

வண்டி அசைந்தது. எப்போதும் போல அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கி பேசியது. எந்த வண்டி, எங்கே போகிறது, அடுத்து எங்கே நிற்கும் என்று. செங்கல்பட்டு என்ற சொல் பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. மேடம் தலையைத் தூக்கினார். கதவுப் பக்கம் திரும்பவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு என் பக்கம் திரும்பினார். என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார். முகம் மலர்ந்தது.

மருந்துப் பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் ஜன்னலுக்கு நேரே தூக்கிக் கைதட்ட ஆரம்பித்தார். மெதுவாக, ஒவ்வொன்றாக, எண்ணித் தட்டுகிற மாதிரி.

ஜன்னல் கண்ணை விட்டு மறையும்வரை நானும் எண்ணினேன். ஏழு.